பழைய காருக்குப் புதுச் சாயம்: முதல் 90 நாளில் செய்ய வேண்டியவை, செய்யக் கூடாதவை

மலேசியத் தோட்டப்புறங்களிலும் சிறு பட்டணங்களிலும் பழைய கார்களை விற்க மனமில்லாமல் வைத்திருக்கும் குடும்பங்கள் உண்டு. கிராணியாக இருந்த தாத்தா வாங்கிய மோரிஸ் மைனர், அப்பா தவணை கட்டி முடித்த டட்சன் 120ஒய், அண்ணன் முதல் சம்பளத்தில் எடுத்த புரோட்டோன் சாகா என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரலாறு இருக்கும். 1985 ஜூலை 9-ஆம் தேதி அறிமுகமான முதல் தலைமுறை புரோட்டோன் சாகாவுக்கே இப்போது 40 வயது கடந்துவிட்டது. நேற்று வரை வெறும் பழைய காடியாக இருந்தது இன்று பாதுகாக்க வேண்டிய வாகனமாக மாறி வருகிறது.

இத்தகைய காருக்கு மறுபடியும் சாயம் அடிக்க வேண்டுமென்றால், துருவை வெட்டி எடுத்து, தகடு ஒட்டி, புட்டி போட்டுத் தேய்த்து முடிக்க வாரக்கணக்கில் ஆகும். சில ஆயிரம் வெள்ளி செலவாகும். பட்டறையிலிருந்து கார் பளபளவென்று வீடு வந்து சேர்ந்ததும் வேலை முடிந்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அந்தச் சாயம் எத்தனை ஆண்டு நிலைக்கும் என்பது அதற்குப் பிறகு வரும் மூன்று மாதங்களில்தான் பெருமளவு முடிவாகிறது. தொட்டால் ஒட்டாத சாயம் காய்ந்த சாயம்தானே தவிர, முற்றிய சாயம் அல்ல. இந்த வேறுபாடு தெரியாமல் செய்யப்படும் சிறு தவறுகளே நல்ல வேலையைக் கெடுக்கின்றன.

பழைய காரில் சாயம் என்பது அழகுக்காக மட்டும் பூசப்படுவதன்று. இன்றைய கார்களின் தகடுகள் பெரும்பாலும் துத்தநாகப் பூச்சுடன் வருகின்றன. 1950, 60, 70-களின் கார்களில் பெரும்பாலானவற்றுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. வெறும் இரும்புத் தகட்டுக்கும் மழைக்கும் இடையே நிற்பது சாயம் ஒன்றே. அது விரிசல் விட்டால் துரு உள்ளே போகும். ஒரு கதவோ மட்கார்டோ துருவில் போய்விட்டால், அதே மாதிரிப் பாகம் கிடைப்பது ஆண்டுக்கு ஆண்டு கடினமாகி வருகிறது.

காஹாங் வட்டாரத்தின் சூழல்

குளுவாங் மாவட்டத்தைச் சேர்ந்த காஹாங், குளுவாங்கிலிருந்து கிழக்கே மெர்சிங் நோக்கிச் செல்லும் வழியில் உள்ளது. எண்டாவ் ரோம்பின் தேசியப் பூங்காவின் பெத்தா நுழைவாயிலுக்குச் செல்வோரும் இங்கிருந்துதான் காட்டுச் சாலையில் திரும்புகிறார்கள். சுற்றிலும் செம்பனைத் தோட்டங்கள். கார் சாயத்துக்குச் சோதனையாக அமையும் அனைத்தும் இங்கே ஒருசேர இருக்கின்றன.

முதலாவது வெயில். பூமத்திய ரேகைக்கு வடக்கே சுமார் 2 பாகையில் உள்ள இந்த வட்டாரத்தில் ஆண்டு முழுவதும் சூரியன் ஏறக்குறைய உச்சிக்கே வருகிறது. அதன் புற ஊதாக் கதிர்கள் சாயத்தின் பிசினைச் சிறிது சிறிதாக உடைக்கின்றன. நிறம் வெளுத்து, மேற்பரப்பு சுண்ணாம்பு பூசியதுபோல் ஆவது இதனால்தான். கறுப்பு அல்லது கரும்பச்சைக் காரின் கூரைத் தகடு நண்பகல் வெயிலில் 60 பாகை செல்சியஸைத் தாண்டிச் சூடாவது சாதாரணம்.

இரண்டாவது மழை. நவம்பர் முதல் மார்ச் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்று ஜொகூரின் கிழக்குப் பகுதிக்குக் கனமழையைக் கொண்டுவருகிறது. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் ஜொகூரைப் புரட்டிப்போட்ட வெள்ளத்தை இம்மாவட்ட மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். மழை இல்லாத நாள்களிலும் விடியற்காலையில் தகட்டின் மேல் பனி நீர் கோத்து நிற்கும்.

மூன்றாவது தோட்டம். செம்மண் தூசியில் கலந்திருக்கும் நுண்மணல் உப்புத்தாளைப் போலச் சாயத்தைக் கீறும். செம்பனைக்குப் போடும் மியூரியேட் ஆஃப் பொட்டாஷ் உரம் ஒரு குளோரைடு உப்பு. ஈரத்தோடு சேர்ந்தால் இரும்பை வேகமாகத் துருப்பிடிக்க வைக்கும். ரப்பர்ப் பாலை உறைய வைக்கப் பயன்படும் ஃபார்மிக் அமிலம் சாயத்தின் மேல் தெறித்தால் தடம் விழும். எனவே உரக் கிடங்கின் அருகிலும், பால் சேகரிக்கும் இடத்தின் அருகிலும் புதுச் சாயம் அடித்த காரை நிறுத்துவது நல்லதல்ல.

நான்காவதாகப் பறவைகளும் பூச்சிகளும். குளுவாங் என்ற பெயரே பழந்தின்னி வௌவாலைக் குறிக்கும் மலாய்ச் சொல்லிலிருந்து வந்தது. வௌவால் எச்சமும் பறவை எச்சமும் புதுச் சாயத்தில் மிக விரைவாகக் கறை ஏற்படுத்தும். மழைக்குப் பின் விளக்கைத் தேடி வரும் ஈசலின் சிறகுகளும் உடலும் ஈரச் சாயத்தில் ஒட்டிக்கொள்ளும்.

அடித்திருப்பது எந்தச் சாயம்?

பராமரிப்பு முறை சாயத்தின் வகையைப் பொறுத்தது. எல்லாச் சாயமும் ஒரே விதமாகக் காய்வதில்லை.

செல்லுலோஸ் லெக்கர் என்பது பழைய முறை. 1920-களில் இது வருவதற்கு முன், வார்னிஷ் வகைச் சாயங்கள் அடித்து ஒரு கார் காய்ந்து முடிய வாரக்கணக்கில் ஆனது. லெக்கர் அதை ஒரு சில நாள் வேலையாக்கியது. இதில் இரசாயன மாற்றம் எதுவும் நிகழ்வதில்லை. தின்னர் ஆவியாகிப் போனால் மீதம் நிற்பதே சாயம். அதனால் எத்தனை ஆண்டு கழித்தும் தின்னர் பட்டால் மறுபடி கரையும். பெட்ரோல், பிரேக் எண்ணெய் ஆகியவை சிந்தினாலும் கெடும். ஈரப்பதம் மிகுந்த நாளில் அடித்தால் மேலே வெண்மையாகப் பூத்துவிடும் என்பதால் மழைக்காலத்தில் இவ்வேலையைத் தவிர்ப்பார்கள்.

சிந்தெட்டிக் எனாமல் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரிந்து கெட்டியாவது. மேல்தோல் ஒரு நாளில் காய்ந்ததுபோல் தோன்றினாலும் உட்புறம் இறுக வாரங்கள், சில வேளை மாதங்கள் ஆகும். மலிவு என்பதால் பழைய லோரிகளுக்கும் வேன்களுக்கும் இதை அதிகம் பயன்படுத்தினார்கள்.

இன்று பெரும்பாலான பட்டறைகளில் அடிப்பது டூ-கே என்று சொல்லப்படும் இரு கலவைச் சாயம். சாயத்தோடு ஹார்டனர் சேர்த்ததும் இரண்டும் பிணைந்து வலைபோல் இறுகுகின்றன. இதை நிறமும் பளபளப்பும் ஒன்றாக வரும் ஒற்றை அடுக்காகவும் அடிக்கலாம்; நிறத்தின் மேல் தனியே கிளியர் பூசியும் முடிக்கலாம். சூட்டு அறையில் சுமார் 60 பாகையில் அரைமணி நேரம் வைத்தால் விரைவில் இறுகும். சூட்டு அறை இல்லாத சிறு பட்டறையில் காற்றில் காயவிட்டால் அதற்கு அதிக நாள் தேவை.

எந்தச் சாயம் என்று தெரியாமல் வாங்கிய காராக இருந்தால் ஒரு சிறு சோதனை போதும். டிக்கி மூடியின் உட்புறம் போன்ற மறைவான இடத்தில், தின்னர் நனைத்த வெள்ளைத் துணியால் லேசாகத் தொட்டுப் பார்க்க வேண்டும். சாயம் உடனே கரைந்து துணியில் வந்தால் லெக்கர். டூ-கே நன்றாக முற்றியிருந்தால் அசையாது. மேலே கிளியர் உள்ளதா என்பதை அறிய, மறைவான இடத்தில் சிறிது பாலிஷ் தேய்க்கலாம். துணியில் காரின் நிறம் ஏறினால் ஒற்றை அடுக்குச் சாயம். ஏறாவிட்டால் கிளியர் இருக்கிறது. புதுச் சாயத்தில் இச்சோதனைகளைச் செய்ய வேண்டாம். அடித்தவரைக் கேட்டாலே போதும்.

பட்டறையை விட்டுப் புறப்படும் முன் கேட்க வேண்டியவை

சாயத்தின் வகை, தயாரிப்பு நிறுவனம், நிற எண் ஆகிய மூன்றையும் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். சூட்டு அறையில் வைத்தார்களா, காற்றில் காய்ந்ததா, கிளியர் எத்தனை முறை பூசப்பட்டது, எந்தத் தேதியில் அடித்தது என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். மிஞ்சிய சாயத்தில் ஒரு சிறு டின் கேட்டு வாங்கி, காற்றுப் புகாமல் மூடி வைப்பது பின்னாளில் கல்பட்ட புள்ளிகளைச் சரிசெய்ய உதவும். ஹார்டனர் கலந்துவிட்ட சாயம் சில மணி நேரத்தில் கெட்டியாகிவிடும்; ஆகவே கலக்காத சாயத்தைத்தான் கேட்க வேண்டும்.

முன்பிருந்த நிறத்தையே அடித்தால் சிக்கல் இல்லை. நிறத்தை மாற்றியிருந்தால் சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜேபிஜே-யிடம் தெரிவித்துப் பதிவில் திருத்தம் செய்ய வேண்டும். பதிவில் நீலம், சாலையில் சிவப்பு என்றிருந்தால் சாலைச் சோதனையிலும், காப்புறுதி கோரும்போதும், காரை விற்கும்போதும் தொல்லை வரும்.

முதல் 24 மணி நேரம்

சாயம் அடித்த முதல் நாள் காரைத் தொடாமல் விடுவதே சிறந்த பராமரிப்பு. விரல் வைத்துக் காய்ந்ததா என்று பார்க்கும் ஆசையை அடக்க வேண்டும். தண்ணீர், தூசி, வெயில் மூன்றும் படாத இடத்தில் கார் இருக்க வேண்டும். முடிந்தால் இரண்டு மூன்று நாள் பட்டறையிலேயே விட்டுவைப்பது நல்லது. காற்றில் காயும் சாயத்துக்கு இது மிக அவசியம்.

முதல் 7 நாள்

இந்த வாரத்தில் கார் கழுவக் கூடாது. துணி போர்த்தக் கூடாது. சாயத்திலிருந்து தின்னர் ஆவி இன்னும் வெளியேறிக்கொண்டிருக்கும். கென்வாஸ் அல்லது பிளாஸ்டிக் உறையைப் போட்டால் அந்த ஆவியும் ஈரமும் உள்ளே சிக்கி, சாயத்தில் உறையின் அச்சு விழும், கொப்புளமும் எழும்.

வழியில் மழை பிடித்துக்கொண்டால் பதற வேண்டியதில்லை. மழைநீரைவிட, தகட்டின் மேல் துளியாக நின்று வெயிலில் காயும் நீரே அதிகக் கெடுதல் செய்யும். காரை நிழலுக்குக் கொண்டுவந்து, சுத்தமான மென்துணியை மேலே பரப்பி ஈரத்தை ஒற்றி எடுக்க வேண்டும். தேய்க்கக் கூடாது.

பறவை எச்சம் விழுந்தால் ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப் போடக் கூடாது. எச்சத்திலுள்ள அமிலம் சாயத்தை அரிக்கிறது. அதோடு, வெயிலில் இளகிய சாயம் மாலையில் குளிரும்போது, காய்ந்த எச்சத்தைச் சுற்றி அதன் வடிவத்திலேயே இறுகிவிடும். பிறகு கழுவினாலும் அந்தத் தடம் போகாது. ஈரத் துணியைப் பத்து நிமிடம் மேலே போட்டு ஊறவைத்து, மெல்ல மேல்நோக்கித் தூக்கி எடுப்பதே சரியான முறை.

முதல் பூசை

புதிதாகச் சாயம் அடித்த காரைக் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூசை போடுவது நம்மவரின் வழக்கம். சாயத்துக்குக் கேடு வராமலும் அதைச் செய்யலாம். மஞ்சள் இயல்பிலேயே ஒரு சாயப்பொருள். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்த்துச் செய்யும் குங்குமம் காரத்தன்மை உடையது. கடைகளில் விற்கும் மலிவான குங்குமத்தில் செயற்கை நிறங்களும் கலந்திருக்கலாம். முற்றாத சாயத்தில், அதிலும் வெள்ளை அல்லது வெளிர்மஞ்சள் காரில், இவை நிரந்தரக் கறையாகிவிடக்கூடும். எலுமிச்சைச் சாறு அமிலம். விபூதியைத் துணியால் துடைத்தால் நுண்கீறல் விழும்.

சந்தனம் குங்குமப் பொட்டை முன்கண்ணாடியிலும் எண் பலகையிலும் வைத்தால் போதும். மாலையைக் கம்பியால் கட்டாமல் நூலால் கட்டிப் பம்பரில் தொங்கவிடலாம். கற்பூரத் தட்டைப் பானட்டின் மேல் வைக்காமல் கையில் ஏந்திக் காட்டலாம். அர்ச்சகரிடம் முன்கூட்டியே சொன்னால் அவரும் அதற்கேற்பச் செய்துகொடுப்பார்.

கல்யாண ஊர்வலத்துக்குப் பழைய காரைக் கேட்டு வருவோரிடமும் இதே எச்சரிக்கை தேவை. ரிப்பனையும் பூவையும் ஒட்டும் டேப், மூன்று மாதம் ஆகாத சாயத்தைப் பிய்த்துக்கொண்டு வந்துவிடும். காந்தம் வைத்த அலங்காரங்களின் அடியில் தூசி சிக்கினால் வட்டமாகக் கீறல் விழும். சாயம் முற்றும்வரை வெளியாள் கல்யாணத்துக்குக் கொடுப்பதைத் தள்ளிப்போடுவது நல்லது. தவிர்க்க முடியாத சொந்தக்காரர் கல்யாணம் என்றால், கதவுக் கைப்பிடியிலும் பம்பரிலும் மட்டும் அலங்காரத்தைக் கட்டலாம்.

8-ஆம் நாள் முதல் 30-ஆம் நாள் வரை

இப்போது கையால் கழுவலாம். உயரழுத்தப் பம்பும், சுழலும் தூரிகை வைத்த தானியங்கிக் கழுவகமும் இன்னும் வேண்டாம். காலை அல்லது மாலை, நிழலில், தகடு சூடு ஆறிய பிறகு கழுவ வேண்டும்.

தோட்டச் சாலையில் போய்வந்த காரைக் கழுவும்போது முதல் வேலை செம்மண்ணை ஊறவைத்துத் தண்ணீராலேயே இறக்குவது. துணியை எடுப்பதற்கு முன் மண் முழுவதும் போயிருக்க வேண்டும். பிறகு இரண்டு வாளி எடுத்து, ஒன்றில் கார் கழுவும் ஷாம்பு கலந்த நீரையும் மற்றொன்றில் வெறும் நீரையும் வைத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு முறையும் துணியை வெறும் நீரில் அலசிய பின்பே ஷாம்பு நீரில் தோய்க்க வேண்டும். கூரையில் தொடங்கிக் கீழே வரவேண்டும். அடிப்பகுதிக்கும் சக்கரத்துக்கும் தனித் துணி. துணி தரையில் விழுந்துவிட்டால் அதை மறுபடி சாயத்தில் வைக்கக் கூடாது.

பாத்திரம் கழுவும் திரவமும் துணி துவைக்கும் தூளும் எண்ணெய்ப் பிசுக்கை அறுக்கச் செய்தவை. கார் சாயத்துக்கு அவை ஏற்றவையல்ல. பளபளப்புக்காக டீசல், மண்ணெண்ணெய் அல்லது தேங்காய் எண்ணெய் தடவித் துடைப்பது பழைய பழக்கம். எண்ணெய் தூசியைப் பிடித்து வைக்கும். டீசலும் மண்ணெண்ணெயும் முற்றாத சாயத்தை இளக்கும். கோழி இறகுத் துடைப்பத்தால் உலர்ந்த தூசியைத் தட்டுவதும் அப்படித்தான். பார்க்க மென்மையாக இருந்தாலும், ஒவ்வோர் இறகும் மணலை இழுத்துக்கொண்டே போகும்.

கிணற்று நீர், ஓடை நீர் ஆகியவற்றில் இரும்பு கலந்திருந்தால் காய்ந்த இடத்தில் பழுப்புப் புள்ளி விழும். அந்த நீரில் கழுவ நேர்ந்தால் கடைசி ஒரு வாளியாவது சுத்தமான குழாய் நீராக இருக்கட்டும். உடனே மைக்ரோஃபைபர் துணியால் ஈரத்தை எடுத்துவிட வேண்டும்.

30 முதல் 90 நாள் வரை: மெழுகுக்கு அவசரம் வேண்டாம்

சாயம் அடித்த மறுவாரமே வேக்ஸ் போட்டுப் பளபளப்பாக்க வேண்டும் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. மெழுகும் சிலிக்கான் கலந்த பூச்சுகளும் மேற்பரப்பை மூடிவிடும். அடியில் தின்னர் மீதமிருந்தால் அது வெளியேற வழியின்றிச் சாயம் மங்கும் அல்லது மென்மையாகவே நின்றுவிடும்.

சூட்டு அறையில் வைத்த டூ-கே சாயம் விரைவில் இறுகிவிடும் என்பதால் சில தயாரிப்பாளர்கள் 30 நாளிலேயே மெழுகு போட அனுமதிக்கிறார்கள். காற்றில் காய்ந்த சாயத்துக்கு 60 முதல் 90 நாள் காத்திருப்பதே பாதுகாப்பானது. சிந்தெட்டிக் எனாமலுக்கு 90 நாள் கட்டாயம் என்றே வைத்துக்கொள்ளலாம். தயாரிப்பு நிறுவனத்தின் விவரத்தாளில் உள்ள கால அளவே இறுதியானது. பட்டறையில் கேட்டால் சொல்வார்கள்.

காத்திருக்கும் நாள்களில் காரை நிழலில் வைப்பதே அதற்குப் பாதுகாப்பு. நிழல் என்றதும் மாமரத்தடி நினைவுக்கு வரலாம். மரத்தடியில் பிசினும் பழச்சாறும் எச்சமும் விழும். தகரக் கூரையும் திறந்த பக்கங்களும் கொண்ட கொட்டகை போதும். தரை மண்ணாகவோ புல்லாகவோ இருந்தால் அடியிலிருந்து ஈரம் ஏறிக்கொண்டே இருக்கும். சிமெண்டுத் தரை சிறந்தது; இல்லாவிட்டால் ஜல்லி பரப்பிக்கொள்ளலாம்.

மூன்று மாதத்துக்குப் பிறகு

இனி மெழுகு போடலாம். கார் மெழுகில் பெயர்பெற்ற கார்னாபா, பிரேசில் நாட்டுப் பனை வகை ஒன்றின் ஓலையிலிருந்து எடுக்கப்படுவது. வெயிலைத் தாங்க அந்த மரம் தன் ஓலைக்குப் பூசிக்கொள்ளும் மெழுகே காருக்கும் உதவுகிறது. நம் நாட்டு வெயிலிலும் மழையிலும் அது நீண்ட நாள் நிற்காது; இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போடுவது நல்லது. செயற்கை சீலன்ட் அதைவிடச் சில மாதம் கூடுதலாக நிற்கும். தண்ணீர் ஊற்றும்போது முத்து முத்தாக உருளாமல் பரவி நின்றால் அடுத்த பூச்சுக்கு நேரமாகிவிட்டது என்று பொருள்.

செராமிக் பூச்சு நவீன டூ-கே கிளியருக்குப் பொருந்தும். சாயம் முற்றுமுன் போடக் கூடாது. செல்லுலோஸ் லெக்கருக்கு அதைத் தவிர்ப்பதே நல்லது.

பாலிஷ், கம்பவுண்டு விஷயத்தில் கை கட்டுப்பாடு வேண்டும். ஒவ்வொரு முறை தேய்க்கும்போதும் சாயத்தின் ஒரு மெல்லிய படலம் போகிறது. கிளியரின் தடிமன் பொதுவாக 40 முதல் 50 மைக்ரான். மனிதத் தலைமுடியைவிட மெல்லியது. மிஷின் போட்டு விளிம்புகளில் அழுத்தினால் ஒரு நிமிடத்தில் அடித்தகடு தெரிந்துவிடும். ஆண்டுக்கு ஒருமுறை மென்மையான பாலிஷ், அதுவும் தேவைப்பட்டால் மட்டும் என்பதே வீட்டுக் காருக்கு ஏற்ற அளவு.

கார் நீண்ட நாள் நிற்கப் போகிறதென்றால் காற்றுப் போகும் பருத்தி உறையைக் கொட்டகைக்குள் போர்த்தலாம். உறையும் காரும் சுத்தமாக இருக்க வேண்டும். பழைய சேலையைப் போர்த்துவோர் சரிகை இல்லாததாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். திறந்த வெளியில் உறை போட்டால் காற்றில் அடித்து அடித்து விளிம்புகளில் சாயத்தைத் தேய்த்துவிடும்.

கல்பட்ட புள்ளியும் துருவும்

குளுவாங்–மெர்சிங் சாலையில் லோரியின் பின்னால் போனால் கல் தெறிப்பது சகஜம். தகடு தெரியும்படி சாயம் பெயர்ந்தால் ஒரு வாரத்துக்குள் மூடிவிட வேண்டும். இடத்தைக் கழுவி உலர்த்தி, துரு இருந்தால் நுண்ணிய உப்புத்தாளால் எடுத்து, பிரைமர் தொட்டு, அது காய்ந்தபின் சேமித்து வைத்த சாயத்தைச் சிறு தூரிகையால் மெல்லிய அடுக்குகளாக வைக்க வேண்டும். ஒரே முறையில் குண்டாக வைத்தால் அது உள்ளே காயாது. டூ-கே சாயமாக இருந்தால் தொடும் அளவுக்குச் சிறிது ஹார்டனர் கலந்துகொள்ள வேண்டும்.

துரு பெரும்பாலும் உள்ளிருந்துதான் வெளியே வரும். கதவின் அடியிலும் பக்கப் படிகளிலும் தண்ணீர் வடிய விட்ட துளைகள் மண்ணும் இலையும் அடைத்துக்கொண்டால் நீர் உள்ளேயே தேங்கும். மாதம் ஒருமுறை மென்மையான குச்சியால் அவற்றைத் திறந்துவிட வேண்டும். முன்கண்ணாடியின் கீழ்ப்பள்ளம், டிக்கித் தரை, சக்கர வளைவின் உட்புறம் ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். மோரிஸ் மைனரில் பக்கச் சட்டமும் பின் வில் பிடிப்புகளும் முதலில் துருப்பிடிக்கும். வோக்ஸ்வேகன் பீட்டிலில் கதவுக்குக் கீழே சூடான காற்றுப் போகும் குழல் அப்படிப்பட்ட இடம். மெர்சிங் கடற்கரைக்குப் போய்வந்தால் அன்றே அடிப்பகுதியை நல்ல நீரால் கழுவிவிட வேண்டும். சாயத்தின் அடியில் சிறு கொப்புளம் தெரிந்தால் அதன் மேல் மெழுகு போட்டு மறைப்பதில் பயனில்லை.

வெள்ளநீரில் நின்ற காராக இருந்தால், சேறு காய்வதற்கு முன்பே நல்ல நீரால் அலச வேண்டும். காய்ந்த சேற்றைத் துடைப்பது சாயத்தை உப்புத்தாளால் தேய்ப்பதற்குச் சமம்.

அடிப்பவரின் மூச்சும் முக்கியம்

செலவைக் குறைக்க வீட்டுக் கொட்டகையிலேயே சாயம் அடிக்கலாம் என்று முயல்வோர் உண்டு. டூ-கே ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. தொழில்சார் ஆஸ்துமாவுக்குப் பெயர்போன காரணங்களில் இது ஒன்று. ஒருமுறை உடல் இதற்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால், பிறகு மிகச் சிறிய அளவும் மூச்சுத் திணறலைத் தரும். முகத்தில் கட்டும் துணியோ, மருந்துக்கடை முகக்கவசமோ இதைத் தடுக்காது. வெளியிலிருந்து சுத்தமான காற்று தரும் முகக்கருவியும், புகை வெளியேற்றும் அறையும் வேண்டும். லயன் வீடுகளைப் போல் அடுத்தடுத்து வீடுகள் உள்ள இடத்தில் இதை அடிப்பது அண்டை வீட்டுக் குழந்தைகளுக்கும் ஆபத்து. பட்டறைகளில் ஸ்பிரே வேலை பழகும் நம் இளைஞர்களும் முகக்கருவி இல்லாமல் துப்பாக்கியைக் கையில் எடுக்கக் கூடாது.

ஒரு பார்வையில்

முதல் நாள்: தொடக் கூடாது, தண்ணீர் கூடாது.
முதல் வாரம்: கழுவக் கூடாது, உறை போர்த்தக் கூடாது. எச்சம் விழுந்தால் உடனே ஊறவைத்து எடுக்க வேண்டும்.
ஒரு மாதம் வரை: கையால் மட்டும், நிழலில், ஷாம்பு கலந்த நீரில் கழுவ வேண்டும். உயரழுத்தப் பம்பு கூடாது.
மூன்று மாதம் வரை: மெழுகு, சீலன்ட், டேப், ஸ்டிக்கர் கூடாது. தயாரிப்பு நிறுவனம் முன்னதாக அனுமதித்திருந்தால் மட்டும் விலக்கு.
அதன் பிறகு: இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மெழுகு, மாதந்தோறும் வடிதுளைகள், ஆண்டுக்கு ஒருமுறை அடிப்பகுதிச் சோதனை.

சாயம் அடித்த தேதி, வகை, நிற எண், முதல் மெழுகு போட்ட நாள் ஆகியவற்றை ஓர் அட்டையில் எழுதிக் காரின் கிராண்டோடு வைத்துவிடலாம். பத்து ஆண்டு கழித்து ஒரு கதவுக்கு மட்டும் சாயம் தேவைப்படும்போது, பட்டறைக்காரர் முதலில் கேட்கப்போவது அந்த அட்டையில் உள்ள விவரங்களைத்தான். அப்போது காரை ஓட்டப்போகும் பிள்ளைகளுக்கும் அது பயன்படும்.